பாப்பாவுக்கு பிளேட்லெட் ஏறவே மாட்டேங்குது, மாத்திரை இருக்கும்போது எதுக்கு மஜ்ஜை மாற்று?

தென் மாவட்டத்துலேர்ந்து ஒரு அம்மா நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க, கூடவே ரிப்போர்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ஆள் யாருன்னு தெரியாத மாதிரி ஊர், பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா தர்றேன்.

அவங்களுக்கு அத்தை பையனத்தான் கட்டி வச்சிருக்காங்க. மூத்தவன் பையன், ஆறு வயசு, ஒரு பிரச்சனையும் இல்ல. ரெண்டாவது பொண்ணு, இப்ப ரெண்டே கால் வயசு. பொறந்த ரெண்டாம் நாளே தொடையில செவப்பா புள்ளி புள்ளியா வந்துச்சு, பிளேட்லெட் பாத்தா 18,000. அம்மாவோட ஆன்டிபாடி போய் அழிக்குதுன்னு ஐவிஐஜிங்கற ஆன்டிபாடி மருந்து போட்டாங்க, அப்புறம் ஐடிபி, அதாவது உடம்பே தன் பிளேட்லெட்ட அழிக்கற வியாதின்னு சொல்லி ஸ்டீராய்டு குடுத்தாங்க, எதுக்குமே கேக்கல. எட்டாம் மாசம் பப்பாளி இலைச் சாறு குடுத்தப்ப 62,000 வரை ஏறுச்சு, ஒண்ணேகால் வயசுல திரும்ப 15,000க்கு இறங்கிருச்சு. அதுக்கப்புறம் மஜ்ஜை எடுத்துப் பாத்ததுல பிளேட்லெட்ட உண்டாக்கற மெகாகேரியோசைட்ங்கற செல் ஏறக்குறைய இல்லவே இல்லன்னு ரிப்போர்ட், ஜீன் டெஸ்ட்ல எம்பிஎல்ங்கற ஜீனோட ரெண்டு காப்பியிலயும் ஒரே கோளாறு. இப்போதைக்கு பிளேட்லெட் 9,000, ஹீமோகுளோபின் 8.2, நியூட்ரோபில்ங்கற வெள்ளையணு 900. டாக்டர் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு தேதி குறிக்கச் சொல்றாரு. பையனோட எச்எல்ஏ, அதாவது திசு அடையாளம், பாப்பாவோட முழுசா ஒத்துப்போகுது, ஆனா அவனும் அந்த ஜீனுக்கு கேரியர், ஒரு காப்பியில மட்டும் கோளாறு.

கேக்குறது என்னன்னா: வெறும் பிளேட்லெட் கம்மிக்கு இவ்வளவு பெரிய சிகிச்சை வேணுமா, எம்பிஎல் ரிசப்டரத் தூண்டுற மாத்திரையே இருக்குன்னு வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு, மெடிக்கல் ரெப், சொல்றாரே அது போதாதா, எம்பிஎல்ன்னா லுகேமியான்னு நெட்ல போட்டிருக்கே பாப்பாவுக்கு கேன்சரா, கோளாறு இருக்குற பையன் மஜ்ஜைய குடுத்தா மறுபடி அதே வியாதி வராதா, குறை இல்லாத இன்னொரு குழந்தை பெத்துக்கிட்டு அதுகிட்டேர்ந்து எடுக்கலாம்னு அத்தை சொல்றாங்களே சரியா. கடைசியில ஒரு வரி: "உன் வயித்துல தான் ஏதோ கோளாறுன்னு அத்தை சொல்றாங்க டாக்டர், உண்மையா?"

அம்மா, கடைசி வரிக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். இல்ல. உங்க வயித்துல எந்தக் கோளாறும் இல்ல, கர்ப்பமா இருக்கும்போது நீங்க சாப்பிட்டது சாப்பிடாதது, கிரகணத்துல வெளிய போனது, எதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏன்னு பின்னாடி விவரமா வர்றேன், ஏன்னா அதுல உங்க குடும்பம் தெரிஞ்சுக்க வேண்டிய வேற ஒரு விஷயமும் இருக்கு.

இது பிளேட்லெட் வியாதி இல்ல

உங்க கேள்வி எல்லாத்துக்கும் அடியில ஒரே ஒரு நினைப்பு தான் இருக்கு, பிளேட்லெட் கம்மியா இருக்கு, அத ஏத்திட்டா சரியாயிடும்னு. பேரும் அப்படித்தான் வச்சிருக்காங்க, கன்ஜெனிட்டல் அமெகாகேரியோசைட்டிக் த்ராம்போசைட்டோபீனியா, சுருக்கமா சிஏஎம்டி. பேர்ல பிளேட்லெட்டும் மெகாகேரியோசைட்டும் மட்டும் தான் வருது. ஆனா வியாதி இருக்குறது அதுக்கும் ஒரு படி மேல, ரத்தம் மொத்தத்தையும் பெத்துப்போடுற ஸ்டெம் செல்லுல. இத நீங்க பிடிச்சுக்கிட்டா டாக்டர் ஏன் அவசரப்படுறாருன்னு புரிஞ்சுடும்.

எம்பிஎல் ஜீன் ஒரு புரதத்த செய்யச் சொல்லுது, அதத்தான் ரிசப்டர்னு சொல்றோம். அந்தப் புரதம் செல்லோட மேல் தோல்ல, சவ்வுக்கு குறுக்க நிக்குது, பாதி வெளிய பாதி உள்ள. கல்லீரல் த்ராம்போபொயட்டின்னு ஒரு ஹார்மோன ஓயாம விட்டுக்கிட்டே இருக்கும், அது ரத்தத்துல வந்து இந்தப் புரதத்தோட வெளிப்பக்கத்துல ஒட்டும். ஒட்டினதும் பக்கத்துல இருக்குற ரெண்டு ரிசப்டரும் சரியான நிலைக்கு வந்து, உள்பக்கம் ஒட்டியிருக்குற ஜாக்2ங்கற என்சைம் முழிச்சுக்கும், அதுலேர்ந்து செய்தி கருவுக்குப் போகும். அந்தச் செய்தி கிடைச்ச மெகாகேரியோசைட் என்ன பண்ணும்னா, ரெண்டாப் பிரியாமயே தன் டிஎன்ஏவ மட்டும் திரும்பத் திரும்ப நகல் எடுத்து பெருத்துக்கிட்டே போகும், மஜ்ஜையிலயே பெரிய செல் அதுதான், மைக்ராஸ்கோப்புல வச்சா தேட வேண்டியதே இல்ல, சாதாரணமா கண்ணுல தானா படும். அப்படி ஒவ்வொண்ணும் உடைஞ்சு ஆயிரக்கணக்குல பிளேட்லெட் ஆகுது. பெரியவங்க உடம்புல ஒரு நாளைக்கு சுமாரா பத்தாயிரம் கோடி பிளேட்லெட் புதுசா வருது, ஏன்னா ஒண்ணோட ஆயுசே ஏழுலேர்ந்து பத்து நாள் தான்.

பாப்பாவோட செல்லுல அந்த ரிசப்டர் ஒழுங்கா வேலை செய்யல. கல்லீரல் மேல தப்பே இல்ல. சொல்லப்போனா பாப்பா ரத்தத்துல த்ராம்போபொயட்டின் அளந்து பாத்தா எக்கச்சக்கமா இருக்கும், ஏன்னா அத உறிஞ்சி எடுத்து காலி பண்றதே பிளேட்லெட்டும் மெகாகேரியோசைட்டும் மேல இருக்குற இதே ரிசப்டர் தான். காலிங் பெல்ல ஒருத்தன் விடாம அமுக்கிட்டே நிக்கிறான், உள்ள ஒயரு அறுந்து கெடக்கு, அந்தக் கதை தான்.

இது வரைக்கும் பிளேட்லெட் கதை. அடுத்தது தான் முக்கியம். 1994ல இந்த ஜீன எடுத்துட்டு எலிய உருவாக்கிப் பாத்தாங்க, பிளேட்லெட் எண்பத்தஞ்சு சதவீதம் குறைஞ்சுது, அது எதிர்பாத்தது தான். எதிர்பாக்காதது என்னன்னா அந்த எலிங்களோட மஜ்ஜையில ஸ்டெம் செல்லும் ரொம்பக் குறைவா இருந்துச்சு. அதாவது இதே ரிசப்டர் ஸ்டெம் செல் மேலயும் இருக்கு, அங்க அதோட வேலை ஸ்டெம் செல்ல உயிரோட வச்சுக்கறது, தீர்ந்து போகாம பாத்துக்கறது. எலிக்கு அதோட போச்சு, சமாளிச்சு ஓட்டுது. மனுஷக் குழந்தைக்கு அப்படி இல்ல, கொஞ்ச வருஷத்துல ஸ்டெம் செல் தீர ஆரம்பிச்சு சிவப்பணு, வெள்ளையணுவும் சேந்து இறங்குது. 1999ல ஜப்பான்ல ஒரு குழந்தைகிட்ட தான் இந்த வியாதிக்கு எம்பிஎல் கோளாறு காரணம்னு மொதல்ல நிரூபிச்சாங்க.

இப்ப உங்க ரிப்போர்ட்ட எடுங்க. ஹீமோகுளோபின் 8.2, நியூட்ரோபில் 900. ஒரு வருஷம் முன்னாடி ரெண்டும் நல்லாத்தான் இருந்திருக்கு, நீங்க அனுப்பின பழைய பேப்பர்லயே தெரியுது. நீங்க 9,000ங்கற நம்பரையே பாத்துட்டு இருக்கீங்க, உங்க டாக்டர் மத்த ரெண்டையும் பாத்துட்டு தேதி கேக்குறாரு. நானா இருந்தாலும் அததான் பாப்பேன்.

"எம்பிஎல்ன்னா லுகேமியா" விஷயத்த இங்கயே முடிச்சுடலாம். 1986ல பிரான்ஸ்ல எலிக்கு ரத்தப் புற்று மாதிரி வரவைக்கற ஒரு வைரஸ கண்டுபிடிச்சாங்க, அந்த வைரஸ் எலிகிட்டேர்ந்து திருடி வச்சிருந்த ஜீன் தான் இது, அதனால மைலோப்ரோலிஃபரேட்டிவ் லுகேமியாங்கற வைரஸோட பேரே சுருக்கமா எம்பிஎல்னு ஜீனுக்கும் ஒட்டிக்கிச்சு. மனுஷனுக்குள்ள அதோட நிஜ வேலை என்னன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. பாப்பாவுக்கு இப்ப இருக்குறது கேன்சர் இல்ல. இதே ரிசப்டர் கூப்பிடாமயே எப்பவும் ஆன்ல இருக்குற மாதிரி கெட்டுப்போனா பெரியவங்களுக்கு பிளேட்லெட் தாறுமாறா ஏறுற வியாதி வரும், அது நேரெதிர் கதை, நெட்ல தேடினா அதுதான் நெறைய வரும், அதப் படிச்சு பயப்படாதீங்க. ஆனா ஒண்ண மறைக்கக் கூடாது, மஜ்ஜை ரொம்ப வருஷம் இப்படியே வத்திக்கிட்டு இருந்தா சில குழந்தைகளுக்கு பின்னாடி எம்டிஎஸ்ங்கற மஜ்ஜைக் கோளாறு, லுகேமியா பக்கம் போயிருக்கு. சீக்கிரம் பண்ணச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பப்பாளி இலையும் அந்த 62,000மும்

நீங்க நாலு இடத்துல இத எழுதியிருக்கீங்க, மனசு அங்கயே நிக்குதுன்னு புரியுது. கண்ணால பாத்தத எப்படி நம்பாம இருக்கறதுன்னு தோணும். ஆனா இந்த வியாதியில ரெண்டு விதம் இருக்கு. ரிசப்டர் கொஞ்சமும் வேலை செய்யாத குழந்தைக்கு பொறந்ததுலேர்ந்தே பிளேட்லெட் அடிமட்டத்துலயே கெடக்கும், மஜ்ஜையும் சீக்கிரம் வத்தும். ரிசப்டர் அரைகுறையா வேலை செய்யற குழந்தைக்கு முதல் வருஷத்துல பிளேட்லெட் தானா 50,000 தாண்டி ஏறும், கொஞ்ச நாள் நின்னு, அப்புறம் இறங்கும். எந்த மருந்தும் குடுக்காத குழந்தைக்கும் அப்படித்தான். உங்க பாப்பா ரெண்டாவது விதம், எட்டாம் மாசம் ஏறுச்சு, ஒண்ணேகால் வயசுல இறங்குச்சு, புத்தகத்துல எழுதியிருக்குற மாதிரியே. சாறு குடுத்த நேரமும் ஏறின நேரமும் ஒண்ணாப் போச்சு, அவ்வளவு தான். சாறு நிறுத்தினதால இறங்கல. மறுபடி ஆரம்பிச்சும் ஏறலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க.

டெங்குல பப்பாளி இலை வேலை செஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றது வேற சமாச்சாரம், அங்க ஒரு வாரத்துல பிளேட்லெட் தானாவே ஏறும், ஏன்னா அந்த மஜ்ஜை நல்ல மஜ்ஜை. தயவுசெஞ்சு இனி வேண்டாம், அந்தக் கசப்புக்கு குழந்தை வாந்தி எடுத்து முக்கறப்ப மூளையில ரத்தம் கசிஞ்சா என்ன பண்றது, 9,000 பிளேட்லெட்டோட விளையாடக் கூடாது.

மாத்திரை ஏன் போதாது

ரெப் தம்பி சொன்னது பொய் இல்ல, பாதி உண்மை, பாதி உண்மை தான் வீட்டுல அதிகமா குழப்பும். எல்ட்ராம்போபேக்னு மாத்திரை, ரோமிப்லோஸ்டிம்னு ஊசி, ரெண்டும் 2008ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு, ரெண்டும் எம்பிஎல் ரிசப்டரத் தான் தூண்டுது. ஐடிபில நல்லா வேலை செய்யும். 2012ல அப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது மஜ்ஜை வத்திப்போற வியாதி இருக்குற நோயாளிகளுக்கு எல்ட்ராம்போபேக் குடுத்துப் பாத்ததுல சிலருக்கு மூணு வகை செல்லுமே ஏறினது வெளிவந்துச்சு, ஸ்டெம் செல் மேல இந்த ரிசப்டர் இருக்குன்னு சொன்னேனே, அதுக்கு மனுஷன்கிட்ட கெடைச்ச சாட்சி அது. ஆக அவரு சொல்றதுல நியாயம் இருக்குற மாதிரியே தெரியும்.

ஆனா இந்த மருந்தெல்லாம் எதப் பிடிச்சு வேலை செய்யுதோ அதே ரிசப்டர் தானே இங்க கெட்டுப்போயிருக்கு. ஐடிபி குழந்தைக்கு ரிசப்டர் நல்லா இருக்கு, பிளேட்லெட்ட யாரோ வெளிய அழிக்கறாங்க, அதனால கூடுதலா தூண்டினா கூடுதலா வரும். சில குறிப்பிட்ட எம்பிஎல் கோளாறுல, ஹார்மோன் ஒட்ட முடியாத இடத்துல மாத்திரை வேற இடத்துல ஒட்டி கொஞ்சம் தூண்டுதுன்னு ஆய்வுக்கூடத்துல காட்டியிருக்காங்க, எல்ட்ராம்போபேக் சவ்வுக்குள்ள இருக்குற பகுதியில ஒட்டுது. அதனால உங்க டாக்டர், தேதி வர்ற வரைக்கும் ஒரு முயற்சியா குடுத்துப் பாப்போம்னு சொன்னா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அப்படிக் குடுத்தா பால், தயிர் சாப்பிட்ட நேரத்தோட சேக்கக்கூடாது, கால்சியம் அத உறிஞ்ச விடாது, கல்லீரல் டெஸ்டும் அடிக்கடி பாக்கணும். ஆனா மாத்திரைய நம்பி தேதிய தள்ளிப்போடறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கெட்ட ரிசப்டரோட இருக்குற ஸ்டெம் செல்ல மாத்தாம இதுக்கு நிரந்தர வழி இப்போதைக்கு இல்ல.

இன்னொண்ணு, ரிப்போர்ட்ல ஜீன் பேர நானும் ரெண்டு தடவ பாத்தேன், காரணம் இருக்கு. சில குழந்தைகளுக்கு ரிசப்டர் ஜீன் நல்லா இருக்கும், ஹார்மோன் செய்யற ஜீன் கெட்டிருக்கும், பாக்கறதுக்கு இதே வியாதி மாதிரியே இருக்கும். அவங்களுக்கு எல்லாம் தலைகீழ், ஊசி அருமையா கேக்கும், மஜ்ஜை மாத்தினா பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஹார்மோன் வர்றது கல்லீரல்லேர்ந்து. யாராவது சொந்தக்காரங்க "எங்களுக்குத் தெரிஞ்ச குழந்தைக்கு ஊசியிலயே சரியாச்சு"ன்னு சொன்னா அது வேற ஜீனா இருக்கலாம். உங்க ரிப்போர்ட்ல தெளிவா எம்பிஎல் தான்.

பெரியவன் குடுக்கலாமா

குடுக்கலாம். கேரியர்னா ரெண்டு காப்பியில ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு இல்ல. அந்த ஒரு நல்ல காப்பியே வேலைய பாத்துக்கும், அதுக்கு சாட்சி வேற எங்கயும் தேட வேண்டாம், நீங்களும் உங்க வீட்டுக்காரரும் தான், ரெண்டு பேர் பிளேட்லெட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கு. கேரியரா இருக்குற அண்ணன் அக்காகிட்ட மஜ்ஜை வாங்கி நல்லா இருக்குற குழந்தைங்க இருக்காங்க. அவனுக்கு மட்டும் ரெண்டு காப்பியும் கெட்டிருந்தா தான் வேண்டாம்னு சொல்லியிருப்போம், அதுக்குத்தான் எச்எல்ஏவோட நிறுத்தாம ஜீன் டெஸ்டும் எடுத்திருக்காங்க, சரியான வேலை.

பையனுக்கு என்ன ஆகும்னு கேட்டிருக்கீங்க. மயக்க மருந்து குடுத்து இடுப்பெலும்புக்குப் பின்பக்கம் ஊசி போட்டு எடுப்பாங்க, தங்கச்சியோட எடைக்கு கிலோவுக்கு 10லேர்ந்து 20 மில்லி அளவு தேவைப்படும், பாப்பா பத்து கிலோன்னா 100லேர்ந்து 200 மில்லி. ரெண்டு மூணு நாள் இடுப்பு வலிக்கும், பாரசிட்டமால் போதும், எடுத்த மஜ்ஜை சில வாரத்துல ஊறிடும். எலும்பையோ முதுகுத்தண்டையோ யாரும் வெட்டப் போறதில்ல, உங்க அத்தைகிட்ட இத அழுத்திச் சொல்லுங்க. அப்புறம் ஆறு வயசுப் பையன்கிட்டயும் சொல்லுங்க, அவனுக்குப் புரியற மாதிரி. பல வீட்டுல டோனர் குழந்தைய யாருமே கண்டுக்கறதில்ல, எல்லாரும் ஐசியூ வாசல்லயே நிப்பாங்க, அவன் பாட்டுக்கு ஒரு சித்தி வீட்டுல கெடப்பான்.

இன்னொரு குழந்தை பெத்துக்கலாமாங்கறதுக்கு கணக்கா பதில் சொல்றேன். ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு இந்த வியாதி வர நாலுல ஒரு வாய்ப்பு, வராம இருக்க நாலுல மூணு. எச்எல்ஏ முழுசா ஒத்துப்போக நாலுல ஒரு வாய்ப்பு. எம்பிஎல் ஒண்ணாவது குரோமோசோம்ல, எச்எல்ஏ ஆறாவதுல, அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல, பெருக்கிக்கலாம். வியாதியும் இல்லாம ஒத்தும் போகணும்னா பதினாறுல மூணு. அத்தை சொல்ற மாதிரி கேரியரா கூட இருக்கக் கூடாதுன்னா பதினாறுல ஒண்ணு. அதுக்கு பத்து மாசம் சுமந்து, பொறந்து, அது கொஞ்சம் வளர வேற காத்திருக்கணும், பாப்பாவோட மஜ்ஜை அது வரைக்கும் நிக்காது. பொருத்தமான டோனர் வீட்டுலயே சோறு சாப்பிட்டுட்டு இருக்கான், அவன விட்டுட்டு இன்னும் உருவாகாத குழந்தைய டோனராக்க திட்டம் போடறது எனக்கு சரியாப் படல.

உங்களுக்கே மூணாவது வேணும்னு பின்னாடி ஆசை வந்தா அது வேற. அப்ப கர்ப்பம் உறுதியானதும் மரபியல் ஆலோசகர பாருங்க, 11லேர்ந்து 13 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடித் திசு கொஞ்சம் எடுத்து இந்த ஒரே ஒரு மாற்றத்த மட்டும் பாக்கலாம். ஸ்கேன் சென்டர்ல இது சட்டவிரோதம்னு பயமுறுத்துவாங்க, ஆணா பொண்ணான்னு சொல்றது தான் குத்தம், மரபணு வியாதி பாக்கறதுக்கு 1994 சட்டமே பதிவு பண்ணின இடத்துல அனுமதிக்குது. 

மாற்று சிகிச்சையில ஆபத்தே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. பழைய மஜ்ஜைய காலி பண்ண கீமோ குடுப்பாங்க, ரெண்டு மூணு வாரம் வெள்ளையணு பூஜ்ஜியத்துல இருக்கும், அந்த நாட்கள்ல இன்ஃபெக்‌ஷன் தான் பெரிய எதிரி, அப்புறம் புது மஜ்ஜை பாப்பா உடம்ப எதிர்க்கற ஜிவிஎச்டி, மஜ்ஜை ஒட்டாமப் போறது, பின்னாடி வளந்தப்புறம் சினைப்பைக்கு பாதிப்பு, இதெல்லாம் உண்மையான ஆபத்து, ஒவ்வொண்ணா டாக்டர்கிட்ட கேளுங்க. சொந்த அண்ணனோட முழுப் பொருத்தம் இருக்கறப்ப ஜிவிஎச்டியும் மஜ்ஜை ஒட்டாமப் போற ஆபத்தும் குறையுது. நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல, வேலூர் சிஎம்சியில 1986லேர்ந்து மஜ்ஜை மாற்று பண்ணிட்டு வர்றாங்க. பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல மஜ்ஜை மாற்று இருக்கு, உங்க வியாதிப் பேருக்கு எவ்வளவு கெடைக்கும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல எழுத்துல கேட்டு வாங்குங்க, வீட்ட அடமானம் வைக்கறதுக்கு முன்னாடி.

உங்க தம்பிகிட்டேர்ந்து இனி பிளேட்லெட் வாங்காதீங்க

இத நீங்க கேக்கல, போற போக்குல எழுதியிருக்கீங்க, ஆனா உங்க கடிதத்துல என்ன தூக்கிவாரிப் போட்ட வரி இதுதான். ஒவ்வொரு தடவையும் உங்க தம்பி லீவு போட்டுட்டு வந்து மெஷின்ல உக்காந்து பிளேட்லெட் குடுத்துட்டுப் போறாருன்னு. தங்கமான மனுஷன், ஆனா அவரு குடுக்கறது பாப்பாவுக்கு ரெண்டு விதத்துல ஆபத்து. மாற்று சிகிச்சைக்கு காத்திருக்கற குழந்தைக்கு ரத்த சொந்தம் யாரும் ரத்தமோ பிளேட்லெட்டோ குடுக்கக்கூடாது, அவங்க திசு அடையாளத்துக்கு எதிரா பாப்பா உடம்பு இப்பவே ஆன்டிபாடி செஞ்சு வச்சுக்கிட்டா நாளைக்கு அண்ணன் மஜ்ஜை ஒட்டறதே சிரமமாயிடும். ரெண்டாவது, சொந்தத்துல அடையாளம் பாதி ஒத்துப்போறதால பையில இருக்குற தாய்மாமனோட வெள்ளையணுவ பாப்பா உடம்பு அன்னியம்னு கண்டுக்காம விட்டுரும், அது உள்ள உக்காந்து பாப்பாவையே தாக்கும். அரிது தான், ஆனா வந்தா காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். சொந்தத்துல கல்யாணம் ஆன குடும்பத்துல இது இன்னும் கவனிக்க வேண்டியது.

அதனால வெளியாள் குடுத்த பிளேட்லெட், வெள்ளையணு வடிகட்டினது, கதிர் பாய்ச்சினது, மூணும் இருக்கணும். பை மஞ்சளா, கலங்கலா இருக்கும், அதுமேல கதிர் பாய்ச்சினதுக்கு தனி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, நர்ஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நீங்களே கேட்டுப் பாருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பிளேட்லெட் பை அஞ்சு நாள் தான் தாங்கும், பிரிட்ஜ்ல வைக்கவும் முடியாது, அறை வெப்பத்துல ஆட்டிக்கிட்டே வைக்கணும், அதனால முன்கூட்டி சொல்லி வைங்க. உங்க தம்பி கண்டிப்பா குடுக்கணும்னு நினைச்சா குடுக்கட்டும், பேங்க்ல வேற யாருக்காவது போகும், அதுக்குப் பதிலா உங்களுக்கு வேற பை வரும்.

வீட்டுல: காய்ச்சல்னா பாரசிட்டமால் மட்டும், புரூஃபன் வகையும் ஆஸ்பிரினும் கூடாது. நியூட்ரோபில் 900ல காய்ச்சல் வந்தா மாத்திரை குடுத்துட்டு வீட்டுல காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. தொடையில, கையில சதை ஊசி வேண்டாம். வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், தலையப் பிடிச்சுக்கிட்டு அழறது, கருப்பா மலம், இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் கெளம்புங்க.

யார் குத்தம்

பாப்பாவுக்கு ரெண்டு காப்பியிலயும் அதே மாற்றம் இருக்கு. ஒண்ணு உங்ககிட்டேர்ந்து, ஒண்ணு உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து. நீங்க ரெண்டு பேரும் மாமா பொண்ணு அத்தை பையன் முறை, உங்க அப்பாவும் உங்க மாமியாரும் கூடப்பொறந்தவங்க. அப்ப அந்த மாற்றம் பெரும்பாலும் உங்க தாத்தா பாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேர்ந்து வந்து, உங்க அப்பா வழியா உங்களுக்கும், அத்தை வழியா அவங்க பையனுக்கும் இறங்கியிருக்கும். உங்க வயித்துல கோளாறுன்னு சொல்ற அத்தையே கேரியரா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அவங்ககிட்ட திருப்பி வீசறதுக்காக இத சொல்லல, அவங்களும் பாவம், தெரியாம தான் பேசறாங்க, அவங்க மேலயும் குத்தம் இல்ல. வேணும்னா அடுத்த தடவ டாக்டர பாக்கப் போறப்ப அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, குடும்பப் படம் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா சண்டை, டாக்டர் வரைஞ்சா படம்.

இதவிட முக்கியம், உங்க தம்பிக்கு நாத்தனார் பொண்ண பேசி வச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க. நாத்தனாரும் அதே அத்தை பெத்த பொண்ணு. தம்பிக்கு கேரியரா இருக்க ரெண்டுல ஒரு வாய்ப்பு, அந்தப் பொண்ணுக்கு நாலுல ஒண்ணு. கல்யாணத்த நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்க குடும்ப முடிவு. ஆனா பாப்பாவோட ரிப்போர்ட்ல இருக்குற அந்த ஒரே மாற்றத்த மட்டும் ரெண்டு பேருக்கும் பாத்துடுங்க, எந்த எழுத்து மாறியிருக்குன்னு தெரிஞ்சதால சின்ன டெஸ்ட் தான், மொத்த ஜீனையும் படிக்க வேண்டியதில்ல. ஒருத்தருக்கு இல்லைன்னு வந்தாலே அவங்க குழந்தைக்கு இந்தக் கோளாறு ரெண்டு காப்பியா சேர வழியில்ல. ரெண்டு பேருக்கும் இருந்தா, தெரிஞ்சே முடிவெடுக்கட்டும்.

மீதி ரெண்டு கேள்வி சின்னது. குலதெய்வம் கோயில்ல மொட்டை, காது குத்து பாக்கி இருக்கு, அதனால தான் இப்படின்னு வீட்டுல பேச்சுன்னு எழுதியிருக்கீங்க. காது குத்து இப்ப கூடவே கூடாது. மொட்டைக்கும் சவரக்கத்தி வேண்டாம். நேந்துக்கிட்டத தள்ளி வைக்கறதுல தப்பில்ல, மாற்று முடிஞ்சு டாக்டர் சரின்னதும் போய்ட்டு வாங்க, கீமோல கொட்டி திரும்ப மொளச்ச முடியாத்தான் இருக்கும்.

பாப்பா பொறந்தப்ப தொப்புள்கொடி ரத்தத்த பணம் கட்டி தனியார் பேங்க்ல சேத்து வச்சிருக்கீங்க, அத உபயோகிச்சா பெரியவன தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு கேட்டிருக்கீங்க. அது பாப்பாவோட சொந்த ரத்தம், அதுல இருக்குற ஸ்டெம் செல்லுலயும் அதே கெட்ட எம்பிஎல் தான் இருக்கு, இந்த வியாதிக்கு அது ஆகாது. விக்கும்போது இத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வருஷாந்திர கட்டணத்த கட்டறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்த எடுத்துப் படிங்க, பாதியில நிறுத்த வழி இருந்தா நிறுத்திட்டு அந்தப் பணத்த ஆஸ்பத்திரி பக்கத்துல வாடகைக்கு ரூம் எடுக்க வச்சுக்கங்க, மாற்று முடிஞ்சு முதல் நூறு நாளாவது பக்கத்துலயே இருக்க வேண்டி வரும்.